வைண்டர்காரர் பாஸ் செய்த விமானம்

எந்த விமானத்தை ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "உள்ள எத்தினி பேரு?"

விமானம் என்றால் நிஜ விமானம் இல்லை. ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் எங்கள் குடும்பப் பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் நான் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில், ஒரு மானிட்டருக்குள் பறக்கும் விமானம். உள்ளே யாரும் இல்லை என்று முதல் நாள் உண்மையைச் சொன்னேன். "ஆளே இல்லாத வண்டிய சும்மனே எதுக்கு ஓட்டணும்?" என்று எழுந்துவிட்டார். ஒரு பேச்சுக்கு, "சரிண்ணா, ரெண்டு பேர் இருக்காங்கன்னு வெச்சுக்கங்க" என்றேன். மறுபடி உட்கார்ந்தார். இந்த முறை அவர் மேஜையிலிருந்த ஜாய்ஸ்டிக் விசையை நகர்த்திய விதமே வேறாக இருந்தது. தூங்குகிற குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுவது போல அவ்வளவு மெதுவாக நகர்த்தினார்.

அவர் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் டிரைவர். ஊரில் வைண்டர்காரர் என்பார்கள். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜ் ஒரு கம்பி வடத்தில் தொங்கும். அந்த வடத்தைச் சுற்றுகிற பெரிய உருளையை ஓட்டுவது அவர் வேலை. இன்ஜின் ரூம் தரையில் இருக்கும், கேஜ் ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழிக்குள் போய்விடும். தான் இறக்குகிற கேஜ் எங்கே நிற்கிறது என்பதை அவர் கண்ணால் பார்க்கவே முடியாது. எதிரே ஒரு பெரிய டயல், கீழேயிருந்து வரும் மணி, காலடியில் தரையின் அதிர்வு, இந்த மூன்றை வைத்துக்கொண்டுதான் வருஷக்கணக்காக ஆட்களை இறக்கியும் ஏற்றியும் வந்தார். மணியில் ஆளுக்கு ஒரு கணக்கு, கல்லுக்கு ஒரு கணக்கு. கல் என்றால் வேகமாக இழுக்கலாம், ஆள் என்றால் முடியாது. அதனால்தான் அந்தக் கேள்வி. என் கம்ப்யூட்டரில்கூட ஆளா கல்லா என்று தெரியாமல் அவருக்குக் கை வராது.

குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுகிறது என்று மனு டைப் அடிக்க வந்தவர் அவர். பிரிண்டர் மக்கர் செய்த அரைமணி நேரத்தில் என் விமானத்தைப் பார்த்துவிட்டார். அந்தக் காலத்தில் எனக்கு அந்தப் பைத்தியம் இருந்தது. பி.காம். முடித்துவிட்டுக் கல்லாவில் உட்காரப் பிடிக்காமல் மாடியில் உட்கார்ந்திருந்தவன் நான். வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் பறந்துகொண்டிருப்பேன். சிமுலேட்டர் என்கிற அந்த விமானம் ஓட்டும் மென்பொருளோடு வரும் விமானங்கள் கொஞ்சம்தான். ஆனால் உலகமெங்கும் ஆர்வலர்கள் வீட்டில் உட்கார்ந்து, நாலு பேர் உட்காரும் சின்ன விமானங்களைத் தாங்களே தயாரித்து இன்டர்நெட்டில் விடுவார்கள். ஆட்-ஆன் என்று பெயர். எங்கள் டெலிபோன் லைனில் ஒன்றை இறக்க அரை நாள் ஆகும். இறக்கி, ஓட்டிப் பார்த்து, நிஜ விமானம் போல இருக்கிறதா இல்லையா என்று ஆங்கிலத்தில் எழுதி ஓர் இணையதளத்துக்கு அனுப்புவேன். நிஜ விமானத்தை மேலே போகும்போது அண்ணாந்து பார்த்ததோடு சரி, ஆனாலும் எழுதுவேன்.

அவர் வந்த பிறகு எழுதுவது மட்டும்தான் என் வேலை. தீர்ப்பு அவருடையது.

முதல் ஷிஃப்ட் முடிந்து, குளித்து, தோளில் ஒரு துண்டோடு மூன்று மணிக்கு வருவார். வாரத்தில் மூன்று நாள். டீ வாங்கித் தந்தால் ஆறிப்போகும் வரை தொட மாட்டார். ஓட்டும்போது பேச மாட்டார், நம்மையும் பேச விட மாட்டார். "இன்ஜின் ரூம்ல போர்டு மாட்டியிருப்பாங்க, டிரைவர்கிட்ட பேசக் கூடாதுன்னு. இங்கியும் ஒண்ணு மாட்டு தம்பி" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். நான் மாட்டவில்லை. ரெஸ்யூம் டைப் அடிக்க வந்த வாடிக்கையாளர்களை வாயை மூடு என்று எப்படிச் சொல்வது?

தீர்ப்பு மூன்று வகை. பாஸு, ரிப்பேரு, பொம்மை. தொண்ணூறு சதவீதம் பொம்மைதான். விசையைத் தள்ளியதும் விமானம் உடனே கீழ்ப்படிந்தால் பொம்மை. "சொன்னவொடனே செய்யறது மெஷின் இல்ல தம்பி. வெய்ட்டு கீற மெஷினு கொஞ்சம் யோசிக்கும். அப்பறம்தான் நகரும்." விமானத்தின் கோப்பைத் திறந்து ஆட்களின் எடையை மாற்றச் சொல்வார். ஒருவரை வைத்து ஓட்டுவார், பிறகு நாலு பேரை வைத்து ஓட்டுவார். இரண்டும் ஒரே மாதிரி மேலே ஏறினால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். "நாலு பேர ஏத்தினதே இதுக்குத் தெர்ல. இத்த நம்பி யாரு ஏறுவா?" ஓர் அழகான சிவப்பு விமானம், உள்ளே இருக்கைத் தையல்கூடத் தெரியும், இணையதளத்தில் எல்லாரும் கொண்டாடியது, அவரிடம் ஐந்து நிமிடத்தில் பொம்மையானது. அதை அப்படியே எழுதி அனுப்பினேன். நிறையத் திட்டு வந்தது. ஒரு வாரம் கழித்து அதைத் தயாரித்தவரே எடை விஷயம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வைண்டர்காரரோ டீ ஆறட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

சாக்பீஸ் கதையையும் சொல்ல வேண்டும். இன்ஜின் ரூமில் டயலை மட்டும் நம்ப மாட்டார்களாம். உருளையின் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வார்கள், இந்தக் கோடு இங்கே வந்தால் கேஜ் இந்த லெவலில் நிற்கிறது என்று. வடம் நாளுக்கு நாள் நீளும் என்பதால் ஷிஃப்டுக்கு வருகிற ஒவ்வொரு டிரைவரும் முந்தினவரின் கோட்டை அழித்துவிட்டுத் தன் கோட்டைப் போடுவார். போகிறவர் தன் கோட்டை அழிக்க மாட்டார். தன் கோட்டைத் தானே அழித்தால் அவர் அந்த இன்ஜினுக்குத் திரும்பி வரப்போவதில்லை, மாற்றலோ ஓய்வோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

இந்தப் பழக்கத்தை என் மானிட்டருக்கும் கொண்டுவந்துவிட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு இருக்கும். கண்ணாடி மேலேயே மூன்று கோடுகள். சமமாகப் பறக்கும்போது அடிவானம் இருக்க வேண்டிய இடம், ஏறும்போது இருக்க வேண்டிய இடம், இறங்கும்போது ஓடுபாதை தெரிய வேண்டிய இடம். பெங்களூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த மானிட்டர் அது. எனக்கு வயிறு எரியும். ஆனால் கோடு போட்ட பிறகு அவர் இறக்கிய விமானம் ஒன்றுகூடக் குலுங்கவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் ஏதோ வேலைக்காக நான் திரையின் அளவை மாற்றி வைத்துவிட்டேன். முந்தின நாள் கோடு கண்ணாடியில் அப்படியே இருந்தது. அவரும் ஏதோ நினைப்பில் அதை அழிக்காமல், அதை வைத்தே இறக்கினார். விமானம் ஓடுபாதைக்கு முன்னால் இருந்த வயலில் போய்க் குத்திக்கொண்டது.

"நான்தான்ணா திரையை மாத்திட்டேன்" என்றேன்.

"நேத்து கோட்ட இன்னிக்கி நம்பினது நானு" என்றார். பிறகு, "உள்ள நாலு பேரு" என்றார். அன்று மறுபடி ஓட்டவில்லை. நான் சிரித்தேன். படியிறங்கிப் போகும்போது அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

சுரங்கத்தில் அவருக்கு வேறொரு பெயரும் இருந்தது, பிடிவாதக்காரர் என்று. பெரிய அதிகாரி ஒருவர் கேஜில் இறங்கியபோது கீழேயிருந்து வந்த மணி தெளிவாக இல்லை. இரண்டா, மூன்றா என்று சந்தேகம். வந்த மணியை அப்படியே திருப்பி அடித்துக் கேட்பது முறை. அங்கிருந்தும் அதே மணி மறுபடி வந்தால்தான் லீவரில் கை. இவர் திருப்பி அடித்தார், பதில் வரவில்லை. கேஜ் பாதி ஷாஃப்டில் நிற்கிறது. மேலே எல்லாரும் கத்துகிறார்கள். இவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். மணி வந்த பிறகுதான் நகர்த்தினார். மெமோ கொடுத்தார்களாம். "வாங்கிகினேன். மெமோன்றது காயிதம்தானே" என்றார் என்னிடம்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். சொல்ல அவ்வளவு இஷ்டமில்லை.

அந்த இணையதளத்தில் தீர்ப்பு எழுதுகிறவருக்கு விமான அனுபவம் எவ்வளவு என்று ஒரு கட்டம் இருந்தது. ஆரம்பத்தில் காலியாக விட்டேன். காலியாக இருந்தால் யாரும் மதிக்கவில்லை. ஒருநாள் தீர்ப்பின் கீழே வைண்டர்காரர் பெயரைப் போட்டு, அதற்கு முன்னால் கேப்டன் என்று சேர்த்து, அனுபவம் ஆறாயிரம் மணி நேரம் என்று நிரப்பினேன். வைண்டரில் அதைவிட அதிகமாகவே உட்கார்ந்திருக்கிறாரே, என்ன பெரிய பொய் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு மதிப்பு வந்தது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் எழுதினார். சின்ன விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியராம். தாங்கள் பயன்படுத்தும் நாலு இருக்கை விமானத்தையே ஆட்-ஆனாகச் செய்துகொண்டிருக்கிறார், கேப்டன் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று தபாலில் சிடி அனுப்பினார்.

அந்த விமானத்தை வைண்டர்காரர் இரண்டு வாரம் ஓட்டினார். எடை சரி. யோசித்து நகர்ந்தது. நிஜ விமானம் போலவே கிளம்பும்போது ஒரு பக்கமாக இழுத்தது. நான் பாஸ் என்று எழுதப் போனேன். "இரு" என்றார். விமானம் எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது, இறங்குகிறது என்று காட்டும் ஒரு முள் உண்டு. அது எப்படி வேலை செய்கிறது என்று புத்தகத்தைப் படித்துச் சொல்லச் சொன்னார். ஒரு டப்பா, அதில் ஒரு சின்னத் துளை, வெளிக்காற்றின் அழுத்தம் மாறும்போது அந்தத் துளை வழியாகக் காற்று கசியும், அதை வைத்து முள் நகரும் என்று படித்துச் சொன்னேன்.

"காத்து பொத்தல் வழியா போவணும். போவ நேரம் வாணாமா? எங்க பிரேக்கு காத்துலதான் ஓடுது. அந்த முள்ளு எப்பவும் லேட்டாத்தான் சொல்லும். இது மூக்கு கீழ போன அதே செகண்டு சொல்லுது. இன்னும் தெரிஞ்சிருக்கவே முடியாதத சொல்லுது தம்பி. பொய்யி. ரிப்பேருன்னு எழுது."

எழுதினேன். அந்த வெளிநாட்டுக்காரர் அசந்துபோனார். லைசென்ஸ் உள்ள பைலட்டுகள் பலர் ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று சொன்னார்களாம், ஒருவர்கூட இதைக் கவனிக்கவில்லையாம். நிஜ விமானத்தில் அந்த முள் சில நொடி பின்தங்கித்தான் வருமாம். திருத்தி, வெளியிடப்போகும் பதிப்பையே அனுப்புகிறேன் என்றார்.

சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு நிஜமாகிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. அவருடைய ஷாஃப்டில் கல் ஏற்றுவது நின்று நாளாகிவிட்டது. பராமரிப்பு ஆட்கள் மட்டும் இறங்கி ஏறினார்கள். பிறகு அதுவும் வேறு ஷாஃப்டுக்குப் போனது. இவர் வேலைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். இரண்டு மணிக்கே என் மாடிக்கு வந்துவிடுவார், சில நாள் ஒன்றரைக்கே. "அந்த சிடி வந்துச்சா?" என்பார். வேறெதையும் பற்றி அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் கை வைக்க மிச்சமிருந்த ஒரே லீவர் என் மேஜையில் இருந்தது.

சிடி வந்தது. கூடவே ஒரு சின்னப் புத்தகம். கவரைப் பிரித்தவர் சிடியைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். சுரங்க விதிகளெல்லாம் ஆங்கிலத்தில்தான், அதனால் எழுத்துக்கூட்டிப் படிப்பார். நன்றி என்ற பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"கேப்டன்னு போட்டு எம் பேரு கீது. ஆறாயிரம் மணி நேரமா? இது யாரு?"

"நீங்கதாண்ணா. சும்மா ஒரு இதுக்கு நான்தான் போட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. "இந்த வண்டிய யாரு ஓட்டுவாங்க?" என்று கேட்டார்.

"அவரோட ஸ்கூல்ல கத்துக்கறவங்க. முதல்ல இதுல பழகிட்டு அப்புறம் நிஜத்துல ஏறுவாங்க."

"அப்ப ஆளு" என்றார். புத்தகத்தை மூடிவிட்டு மறுபடியும், "கல்லு இல்ல. ஆளு."

உடனே கடிதம் எழுதச் சொன்னார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் டைப் அடித்தேன். 'நான் கேப்டன் இல்லை. விமானத்தில் ஏறியதே இல்லை. வைண்டிங் இன்ஜின் டிரைவர். முள் லேட்டாக வரும் என்று சொன்னது காற்றைப் பற்றித் தெரிந்ததால்தான். என் பெயரை நம்பி எதையும் பாஸ் செய்ய வேண்டாம். நீங்களே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவும்.' இவ்வளவுதான் கடிதம். "அனுப்பு" என்றார். லைன் கிடைக்கவில்லை, சாயங்காலம் அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

அனுப்பவில்லை.

காரணம் கேட்டால், வெட்கம்தான். பொய்யன் என்று என்னை அந்தத் தளத்தில் எல்லாரும் காறித் துப்புவார்கள். இனி ஒரு சிடியும் வராது. அவருக்கும் இந்த ஒரு சந்தோஷம் போய்விடும், அவருக்காகத்தான் நிறுத்தி வைக்கிறேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அதுதான் இருப்பதிலேயே மோசமான பொய்.

மறுநாள் வந்தார். "அனுப்பினியா?"

"அனுப்பிட்டேண்ணா."

"சரி. மணி திரும்பி வரட்டும்" என்று உட்கார்ந்தார். புதிய சிடியை எடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். பழைய விமானத்தையாவது ஓட்டுங்கள் என்று ஓடுபாதையில் கொண்டுவந்து நிறுத்தினேன். விமானத்தின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் பழைய கோடுகளைத் துண்டால் அழித்தார், புதிதாக மூன்று கோடு போட்டார், சாக்பீஸைப் பையில் வைத்தார், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். நாலரை மணி வரை அப்படியே இருந்தார். பிறகு எழுந்து போனார்.

மூன்று வாரம் இதுதான் நடந்தது. வருவார். "மணி வந்துச்சா?" இல்லை என்பேன். அது ஒன்றுதான் நான் அவரிடம் சொன்ன உண்மை. கோடு போடுவார், உட்கார்வார். "பதில் வராட்டி என்னண்ணா, ஓட்டுங்க" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "பதில் வராம கை வெச்சா அது டிரைவர் இல்ல தம்பி" என்றார். ஒரே ஒரு தடவை, "லெட்டர் போய் சேந்திருக்குமா? உங்க மெஷினு இன்னா சொல்லுது?" என்று கேட்டார். போய்ச் சேர்ந்துவிட்டது என்றேன். தலையாட்டினார். நான் சொன்னதை அவர் நம்பினார். பொய் ரிப்போர்ட் எழுதிய என்னிடம் அப்போதும் அவருக்கு நம்பிக்கை இருந்தது.

மூன்றாவது வாரக் கடைசியிலும் அவர் அப்படியே வந்தார். அவர் கோடு போட்டு உட்கார்ந்து எழுந்து போன பிறகு, கடிதத்தைத் திறந்து ஓர் எழுத்தும் மாற்றாமல் அனுப்பினேன்.

இரண்டாம் நாள் பதில் வந்தது. அவர் வந்ததும் வாசலிலேயே, "மணி வந்துடுச்சுண்ணா" என்று கத்தினேன். உட்கார்ந்து, முழுவதையும் படித்துச் சொல்லச் சொன்னார். படித்தேன். உண்மையைச் சொன்னதற்கு நன்றி. முள்ளை நிஜ விமானத்தில் மறுபடி சரிபார்த்துவிட்டேன், நீங்கள் சொன்னதுதான் சரி. புத்தகத்தில் கேப்டன் என்பதை எடுத்துவிட்டு வைண்டிங் இன்ஜின் டிரைவர் என்று போடுகிறேன், அதில் எனக்குப் பெருமைதான். அடுத்த விமானத்தையும் நீங்களே பார்க்க வேண்டும்.

நான் சிரித்துக்கொண்டே திரும்பினேன். அவர் திரையின் அருகே குனிந்து விரலால் எதையோ தொட்டுக்கொண்டிருந்தார். பதிலுக்குக் கீழே எங்கள் கடிதமும் இருந்தது. அதன் தலையில் அது கிளம்பிய தேதி இருந்தது.

"இது முந்தாநேத்து தேதி" என்றார்.

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"மூணு வாரமா நீ மணியே அடிக்கல. நான் ஆள நடுவுல தொங்க வெச்சிகினு உக்காந்திருந்தேன்." குரலில் கோபமில்லை. டயலைப் படிப்பது போல் சொன்னார்.

"தப்புதாண்ணா. மன்னிச்சிடுங்க."

"சிடிய போடு."

போட்டேன். புதிய விமானம் ஓடுபாதையில் வந்து நின்றது. "உள்ள எத்தினி பேரு?" நாலு என்றேன். சொன்னதை நம்பாமல், கோப்பைத் திறந்து காட்டச் சொன்னார். இத்தனை நாளில் அதை அவர் கேட்டதே இல்லை. நாலு பேரின் எடையையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, பழைய கோடுகளை அழித்துப் புதிதாக மூன்று கோடு போட்ட பிறகுதான் லீவரில் கை வைத்தார். மெதுவாக ஏற்றினார். கோலார் பக்கத்துப் பாறைக் குன்றுகள் போலப் பழுப்பாக எதுவோ கீழே நகர்ந்தது. மூக்கைத் தாழ்த்தினார். விமானம் இறங்கத் தொடங்கியது, முள் அசையவில்லை. வாட்சைப் பார்த்து எண்ணினார். பிறகுதான் முள் யோசித்து, மெதுவாகக் கீழே வந்தது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. சுற்றி வந்து, ஒரு குலுக்கலும் இல்லாமல் இறக்கி, நிறுத்தி, இன்ஜினை அணைத்தார்.

"வண்டி பாஸு. எழுதிடு" என்றார்.

"அடுத்த விமானம் வந்ததும் சொல்லி அனுப்பறேண்ணா."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார். எழுந்து நின்றபடியே கண்ணாடியிலிருந்த மூன்று கோடுகளையும் ஒவ்வொன்றாக அழித்தார். மூலையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளையும் துடைத்தார். மானிட்டர் வாங்கிய நாளில் இருந்த மாதிரி பளபளவென்று ஆனது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். மேஜை மேல் டீ ஆறியிருந்தது.